இரண்டு லட்சத்தில் ஃபர்னஸ் வாங்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சார், விருதுநகர் பக்கம் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் இயற்பியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். ஃபெரைட் (இரும்பு ஆக்சைடு கலந்த காந்தப் பொருள்) நானோ துகள்களில் பி.எச்டி. முடித்தவன். எங்கள் நிர்வாகம் இந்த வருடம் எனக்கு 2 லட்சம் ரூபாய் சீட் மணி, அதாவது புது ஆராய்ச்சியைத் தொடங்கிப் பார்க்க விதைப் பணம், கொடுத்திருக்கிறது. வேறொரு பல்கலைக்கழகத்தில் கண்டக்டிங் பாலிமர் (மின்சாரம் கடத்தும் பாலிமர்) செய்கிற வேதியியல் பேராசிரியர் ஒருவரும் நானும் சேர்ந்து சூப்பர்கெபாசிட்டருக்கு (மின்சாரத்தை வேகமாகச் சேமித்துத் தரும் சாதனம்) எலெக்ட்ரோடு செய்யப் போகிறோம். முதல் வேலையாக ஒரு ட்யூப் ஃபர்னஸ் (சாம்பிளைக் குழாய்க்குள் வைத்துச் சூடாக்கும் உலை) வாங்கிவிடலாமா?

பதில்: வாங்காதீர்கள்.

ஓரளவு நல்ல ட்யூப் ஃபர்னஸ் வாங்கினாலே உங்கள் பணத்தில் பாதிக்கு மேல் போய்விடும். அதற்குப் பிறகு குவார்ட்ஸ் குழாய், கேஸ் சிலிண்டர், ரெகுலேட்டர் என்று ஒவ்வொன்றாக வரும். கடைசியில் சாம்பிளை எக்ஸ்ஆர்டிக்கு (எக்ஸ் கதிரால் படிக அமைப்பைப் பார்க்கும் அளவீடு) அனுப்பக்கூடக் காசு இருக்காது. நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்த ஒரு துறையில் இப்படித்தான் ஒரு ஸ்பின் கோட்டர் (சுழற்றி மெல்லிய பூச்சு போடும் கருவி) வாங்கினார்கள். ஒன்றரை வருடத்தில் அதன் வாக்குவம் பம்ப் போனது, பழுது பார்க்கப் பணம் ஒதுக்கவில்லை, நான் வெளியே வரும்வரை அது மூலையில் பிளாஸ்டிக் உறை போட்டு மூடித்தான் இருந்தது. அந்தப் பணத்தில் எத்தனை மாணவர்கள் எத்தனை அளவீடுகள் செய்திருக்கலாம் என்று இன்றும் மனசு கேட்கவில்லை.

ஃபர்னஸ் உங்கள் பி.எச்டி. வழிகாட்டியின் ஆய்வகத்திலேயே இருக்கும், கேட்டால் இரண்டு நாள் கொடுப்பார்கள். உங்கள் ஃபெரைட்டும் அந்த வேதியியல் பேராசிரியரின் பாலிமரும் ஒன்றாகச் சேர்ந்தால் தனித்தனியாக இருப்பதைவிட நன்றாக வேலை செய்யுமா என்ற கேள்விக்கான பதில்தான் எந்த ஆய்வகத்திலும் தயாராக இல்லை. ஆயிரம் முறை சார்ஜ், டிஸ்சார்ஜ் செய்த பிறகும் கெபாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு) எவ்வளவு மிஞ்சுகிறது என்று காட்டும் ஒரே ஒரு வரைபடம் போதும். ஆறேழு மாதத்தில் அதை எடுத்துவிடலாம்.

அதனால் பணத்தை இப்படிப் பாருங்கள். பெரிய பங்கு அளவீட்டுக் கட்டணங்களுக்கு: எக்ஸ்ஆர்டி, எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப், மேற்பரப்புப் பரப்பளவு. அடுத்து கெமிக்கல்ஸ். அப்புறம் பயணம், இதைத்தான் எல்லோரும் வெட்டுகிறார்கள், வெட்டவே கூடாது. உங்கள் மாணவர் ஒருவர் அந்த வேதியியல் ஆய்வகத்துக்குப் போய்ப் பத்து நாள் தங்கி பாலிமர் செய்யக் கற்றுக்கொள்ளட்டும், அவர்கள் மாணவர் இங்கே வந்து ஃபெரைட் செய்யட்டும். கூரியரில் சாம்பிள் அனுப்பி மெயிலில் பேசிக்கொள்ளும் கூட்டு முயற்சிகள் முதல் தப்பான ரிசல்ட் வந்ததுமே உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். யார் சாம்பிள் தப்பு என்ற பேச்சு வந்துவிடும். ஜே.ஆர்.எஃப். (உதவித்தொகை பெறும் இளநிலை ஆராய்ச்சியாளர்) வைக்கலாமா என்று யோசிக்க வேண்டாம், மாதம் 37,000 ரூபாய்க் கணக்கில் ஆறு மாதச் சம்பளத்துக்கே உங்கள் பணம் போதாது. எம்.எஸ்ஸி. புராஜெக்ட் மாணவர்களை இரண்டு பக்கமும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வரைபடம் கையில் வந்ததும் ஏ.என்.ஆர்.எஃப். பக்கம் போங்கள். முன்பு ஆராய்ச்சிக்கு நிதி தந்துவந்த எஸ்.இ.ஆர்.பி. என்ற அரசு வாரியத்தை உள்ளடக்கி, 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக வந்த தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை அது. பணிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு மூன்று வருடத்துக்கு 60 லட்சம் ரூபாய் வரை தரும் திட்டம் அங்கே இருக்கிறது. உங்கள் தகுதி, வயது வரம்பு எல்லாம் அந்தந்த வருட அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். புரொபோசலைப் படிப்பவர் முதலில் தேடுவது, இந்த இருவரும் ஏற்கெனவே சேர்ந்து ஏதாவது செய்திருக்கிறார்களா என்பதைத்தான்.

கேள்வி: பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் நான், தஞ்சாவூர். என் மகள் ஒரு பல்கலைக்கழகத்தில் மெட்டீரியல்ஸ் சயின்ஸ் படிக்கிறாள். விதைப் பணம் என்று ஒரு லட்சம், இரண்டு லட்சம் கொடுக்கிறார்களாம். அந்தத் தொகையில் என்னய்யா கண்டுபிடிக்க முடியும்? அதையும் ஏன் இரண்டு மூன்று பேருக்குப் பங்கு போட வேண்டும்?

பதில்: கிராஃபீன் கதையைச் சொல்கிறேன் ஐயா. ஒரே ஒரு அணு தடிமனுள்ள கார்பன் தகடு அது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் ஆந்த்ரே கெய்ம் வெள்ளிக்கிழமை மாலைகளில், வழக்கமான ஆராய்ச்சிக்கு வெளியே, நடக்குமா நடக்காதா என்று தெரியாத சோதனைகளைச் செய்து பார்ப்பார். அதற்கென்று தனி நிதி கிடையாது. கிராஃபைட்டை எவ்வளவு மெல்லியதாக்க முடியும் என்பது அப்படி ஒரு கேள்வி. ஒரு மாணவர் கிராஃபைட் கட்டியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார், போதிய அளவு மெல்லியதாகவில்லை. அப்போது அங்கே இருந்த, ஸ்கேனிங் டன்னலிங் மைக்ரோஸ்கோப்பில் (அணு அளவில் பரப்பைப் பார்க்கும் கருவி) பழகிய வேறொரு ஆராய்ச்சியாளர், நாங்கள் கிராஃபைட் பரப்பைச் சுத்தம் செய்ய ஒட்டு டேப் போட்டு உரித்து எறிவோமே, அதில் பாருங்கள் என்று காட்டினார். குப்பைக்குப் போகிற டேப்பில் மெல்லிய தகடுகள் ஒட்டியிருந்தன. கெய்முடன் வேலை செய்த கான்ஸ்டான்டின் நோவோசெலோவ் அதைப் பிடித்துக்கொண்டார். 2004-ல் கட்டுரை, 2010-ல் இருவருக்கும் நோபல் பரிசு, 2013-ல் ஐரோப்பிய ஒன்றியம் பத்து வருடத்துக்கு 100 கோடி யூரோ என்று ஒரு பெரிய கிராஃபீன் திட்டத்தையே தொடங்கியது.

இதில் டேப்பின் விலையை விடுங்கள். வேறு வேலை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தார் பாருங்கள், உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் அங்கே இருக்கிறது. புதிய பொருள் ஒன்றைச் செய்கிறவர் ஒருவர், அதன் அணு அமைப்பை அளக்கிறவர் ஒருவர், ஏன் அப்படி நடக்கிறது என்று கணக்குப் போடுகிறவர் இன்னொருவர். இந்த மூன்றும் ஒரே மனிதரிடம் கைகூடுவது அபூர்வம்.

ஜப்பானில் மியாசாகா என்ற விஞ்ஞானியின் ஆய்வகத்தில் பெரோவ்ஸ்கைட் (ஒருவகைப் படிக அமைப்பு) சூரிய மின்கலம் 2009-ல் முதன்முதலாக வெளியானபோது, ஒளியை மின்சாரமாக்கும் அதன் திறன் 3.8 சதவீதம்தான். அந்தப் பொருளைக் கொண்டுவந்தவர் வேறொரு பல்கலைக்கழக மாணவர். இன்று 25 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. 3.8 என்ற எண்ணைப் பார்த்து யாராவது உதறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அமெரிக்கர்கள் இதை முறைப்படியே செய்கிறார்கள். சோவியத் யூனியன் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை முதலில் ஏவிய அதிர்ச்சிக்குப் பிறகு, 1960-ல் அவர்களுடைய பாதுகாப்புத் துறை கார்னெல், நார்த்வெஸ்டர்ன், பென்சில்வேனியா பல்கலைக்கழகங்களில் இயற்பியல், வேதியியல், உலோகவியல் ஆட்களை ஒரே கூரைக்குள் கொண்டுவரும் ஆய்வகங்களுக்குப் பணம் கொடுத்தது. 1972-ல் அவை தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு மாறின. 1994-லிருந்து எம்.ஆர்.எஸ்.இ.சி. (பொருளறிவியல் ஆராய்ச்சி மையம்) என்ற பெயரில் நடக்கும் மையங்களில், பெரிய குழுக்களுக்கான பணம் தவிர, ‘சீட்’ என்று ஒரு பங்கைத் தனியே வைத்துவிடுகிறார்கள். புது ஆசிரியர்களுக்கும் ஆபத்தான யோசனைகளுக்கும் அது போகிறது. முளைத்தால் அடுத்த சுற்றில் முழுக் குழுவாக வளரலாம், முளைக்காவிட்டால் அங்கேயே விட்டுவிடலாம். நம் ஊரில் பயிரிடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, எல்லா விதையும் முளைக்கும் என்று நினைத்து யாரும் நாற்றங்கால் விடுவதில்லை.

மகளிடம் தைரியமாகச் செய்யச் சொல்லுங்கள் ஐயா.

கேள்வி: எங்கள் கல்லூரியில் எக்ஸ்ஆர்டி கூட இல்லை. சீட் மணியும் கிடையாது. எம்.எஸ்ஸி. மாணவி நான், எங்கே போவது?

பதில்: உங்கள் கேள்விதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. பணம் இல்லாமலே பெரிய கருவிகளைத் தொட ஒரு வழி இருக்கிறது, அது கல்லூரிகளில் பலருக்குத் தெரியாது. பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் அணுசக்தித் துறையின் கருவிகளைப் பயன்படுத்துவதற்காகவே யு.ஜி.சி.-டி.ஏ.இ. கூட்டமைப்பு (பல்கலைக்கழக மானியக் குழுவும் அணுசக்தித் துறையும் சேர்ந்தது) என்று ஒன்று இந்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. மும்பையின் துருவா அணு உலையில் நியூட்ரான் கற்றை, இந்தூரின் இண்டஸ் சின்க்ரோட்ரான் (மிகப் பிரகாசமான எக்ஸ் கதிர் தரும் இயந்திரம்), மிகக் குறைந்த வெப்பநிலை அளவீடுகள் எல்லாம் அவர்கள் வழியாகக் கிடைக்கும். கல்பாக்கத்திலும் அவர்களுக்கு ஒரு கிளை உண்டு. டெல்லியில் இருக்கும் இன்டர் யூனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டரும் பல்கலைக்கழகக்காரர்களுக்கு அயனிக் கற்றை தருகிறது. விண்ணப்பம் உங்கள் பேராசிரியர் பெயரில் போக வேண்டும், ஏன் இந்த அளவீடு தேவை என்று தெளிவாக எழுத வேண்டும், அவ்வளவுதான்.

சாதாரண அளவீடு என்றால் ஐ.ஐ.டி. மெட்ராஸில் உள்ள சைஃப் என்ற பொதுக் கருவி மையம். அதற்குக் கட்டணம் உண்டு. அருகில் எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று தேட ஐ-ஸ்டெம் என்ற அரசு இணையதளம் இருக்கிறது, 2020-ல் தொடங்கியது. உங்கள் பேராசிரியரை அழைத்துக்கொண்டு முதலில் அதில் உட்காருங்கள்.

கேள்வி: கூட்டு ஆராய்ச்சியில் கட்டுரையில் யார் பெயர் முதலில் வர வேண்டும்? (ஒரு ஆராய்ச்சி மாணவர், கோவை)

பதில்: சாம்பிள் செய்வதற்கு முன்னாலேயே இதைப் பேசி, ஒரு பக்கத்தில் எழுதி, இரண்டு பேராசிரியர்களும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். காப்புரிமை வரக்கூடிய வேலை என்றால் அதுவும் அதே தாளில். ரிசல்ட் வந்த பிறகு பேசினால் நட்பு போய்விடும்.

கேள்வி: சீட் மணியில் செய்த சோதனை தோற்றுவிட்டது. ஒரு வருடத்துக்குள் ஸ்கோபஸ் (ஆய்விதழ்களின் சர்வதேசப் பட்டியல்) கட்டுரை காட்டு, இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடு என்கிறார்கள். என்ன செய்வது? (பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: கோபமாக வருகிறது, உங்கள் மேல் இல்லை. கல்லூரிகளைத் தரம் பிரிக்கும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் ஆசிரியர்களுக்கு விதைப் பணம் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று ஒரு கேள்வி உண்டு. அதற்காகவே பணம் கொடுக்கும் கல்லூரிகள் இருக்கின்றன, அது தப்பில்லை, எந்தக் காரணத்துக்காக வந்தாலும் பணம் பணம்தான். ஆனால் தோற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தால் ஆசிரியர் என்ன செய்வார்? ஏற்கெனவே நூறு பேர் செய்த ஜிங்க் ஆக்சைடையே நூற்றியோராவது முறையாகச் செய்து கட்டுரை போடுவார்.

நீங்கள் உடனே செய்ய வேண்டியது: செலவுச் சான்றிதழை, அதுதான் யூ.சி.யை, ரசீதுகளோடு ஒழுங்காகக் கொடுத்துவிடுங்கள். பணம் திருப்பித் தரச் சொல்லும் விதி அனுமதிக் கடிதத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதல்வரிடம் அந்தக் கடிதத்தையே காட்டிப் பேசலாம். அதோடு நீங்கள் முயன்ற கலவை விகிதங்கள், வெப்பநிலை, நேரம், ஒவ்வொன்றிலும் என்ன வந்தது என்பதை ஒரு அட்டவணையாக எழுதி, கூட வேலை செய்தவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அடுத்த வருடம் அதே பொருளைச் செய்ய வருகிற மாணவருக்கு ஆறு மாத வேலை மிச்சம்.