கடல்நீர்த் தொட்டி: மீனுக்கு முன் தண்ணீருக்குச் செலவழியுங்கள்

வீட்டில் சின்னதாக ஒரு பவளத் தொட்டி வைக்க வேண்டும் என்ற ஆசையோடு வந்த கடிதங்களைச் சேர்த்து வைத்திருந்தேன். இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில். நானும் 90 லிட்டர் தொட்டி ஒன்றை மூன்று ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் ஆண்டு நான் தவறிய இடங்களையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: தொட்டி, விளக்கு, ஃபில்டர் எல்லாம் சேர்ந்த 30 லிட்டர் ‘செட்’ ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். புதிதாகத் தொடங்குபவருக்குச் சின்னதுதான் சுலபம் என்று கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இடம் இருந்தால் 80 முதல் 120 லிட்டர் வரை பாருங்கள். சின்னத் தொட்டியை வாங்குவது சுலபம், வைத்துக் காப்பாற்றுவது கடினம்.

காரணம் ஆவியாதல். தண்ணீர் மட்டும்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். கடல்நீரில் ஆயிரம் பங்குக்குச் சுமார் 35 பங்கு உப்பு. உங்கள் 30 லிட்டர் தொட்டியில் கல்லும் மணலும் போட்ட பிறகு நிற்பது ஏறக்குறைய 24 லிட்டர் தண்ணீர்தான். அதில் ஒரு லிட்டர் ஆவியானால் உப்பு 36.5 ஆகும். வெளியூர் போய்விட்டு வருவதற்குள் இன்னொரு லிட்டர் போனால் 38ஐத் தாண்டிவிடும். அதே இரண்டு லிட்டர் 100 லிட்டர் தண்ணீரில் குறைந்தால் 35.7தான். இந்த ஏற்ற இறக்கத்தை மீன் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். பவளமும் இறாலும் பொறுத்துக்கொள்ளாது. வெப்பநிலையும் இப்படித்தான்: தண்ணீர் குறைவாக இருந்தால் சீக்கிரம் ஏறும், சீக்கிரம் இறங்கும்.

குறைந்த அளவை நிரப்ப உப்பில்லாத நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். இது தெரியாமல் நான் முதல் மூன்று வாரம் உப்புநீரையே ஊற்றிக்கொண்டிருந்தேன். நத்தைகள் ஓட்டுக்குள் சுருண்டு கிடந்தன. நோய் என்று நினைத்து மருந்து தேடி அலைந்தேன். பிறகுதான் உப்பை அளந்து பார்க்கத் தோன்றியது. இன்று என் தொட்டியில் நான் அதிகம் மதிக்கும் கருவி, தண்ணீர் குறையக் குறையத் தானே நல்ல தண்ணீரை நிரப்பும் சின்னப் பம்ப்தான். பார்க்க அழகே இல்லாத பொருள். அதை முதல் நாளே வாங்கியிருக்க வேண்டும்.

‘செட்’ என்று விற்பதில் என்னென்ன இல்லை என்று பாருங்கள். பெரும்பாலும் ஹீட்டர், உப்பளவு பார்க்கும் கருவி, டெஸ்ட் கிட், உப்பு இவை இருப்பதில்லை. விளக்கு பவளத்துக்கானதா, நன்னீர்ச் செடிகளுக்கானதா என்றும் கேளுங்கள். பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள்தான் அதற்குப் பெருமளவு உணவு தயாரித்துத் தருகின்றன. அவற்றுக்கு நீல ஒளி அதிகம் வேண்டும்.

ஹீட்டரில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். இந்தக் கருவிகளில் அடிக்கடி பழுதாவது அதுதான், அதுவும் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும்படி பழுதாகும். தொட்டியே வெந்துபோகும். பெரிதாக ஒன்றுக்குப் பதில் சிறிதாக இரண்டு வாங்குங்கள். தனி வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றின் வழியாக இணைத்து 25, 26 டிகிரி செல்சியஸில் நிறுத்துங்கள். இன்னொன்று எடை. 100 லிட்டர் தொட்டி, கல், மணல், ஸ்டாண்டு சேர்ந்தால் 130 கிலோவைத் தாண்டும். படிக்கும் மேசை மீது வைக்கும் பொருள் அல்ல.

கேள்வி: குடிப்பதற்கு வீட்டில் வைத்திருக்கும் ஆர்.ஓ. தண்ணீரே போதாதா? மீன் தொட்டிக்கென்று விற்கும் உப்பு ஒன்று மிகவும் மலிவாகக் கிடைக்கிறது, அதைக் கலக்கலாமா?

பதில்: குடிநீர் ஆர்.ஓ. கருவிகள் பலவற்றில் சுவைக்காகக் கொஞ்சம் தாதுவைத் திரும்பச் சேர்ப்பார்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் பொருள்களின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரால் அளந்து பாருங்கள். பூஜ்ஜியம் காட்ட வேண்டும், ஒன்றிரண்டு என்றாலும் பரவாயில்லை. அதற்கு மேல் இருந்தால் மிச்சத் தாதுவைப் பிடித்துக்கொள்ளும் டீஅயனைசேஷன் ரெசின் வைத்த வடிகட்டி ஒன்றைக் கூடுதலாக இணைக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் நைட்ரேட், பாஸ்பேட் இருந்தால் பாசி பிடிக்கும். செம்பு இருந்தால் இறாலும் நத்தையும் சாகும்.

அந்த மலிவு உப்பு வேண்டாம். ‘அக்வேரியம் சால்ட்’ என்று மட்டும் போட்டிருந்தால் அது நன்னீர் மீன்களுக்கு மருந்தாகப் போடும் சோடியம் குளோரைடாகத்தான் இருக்கும், சமையல் உப்பின் உறவு. பவளத்துக்குக் கால்சியம், மக்னீசியம், கார்பனேட் எல்லாம் சேர்ந்த கடல் உப்புக் கலவை தேவை. கலந்த தண்ணீரில் கால்சியம் 400 முதல் 450 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரையும், அல்கலினிட்டி, அதாவது கார்பனேட் அளவு, 8, 9 டி.கே.ஹெச். (அதை அளக்கும் அலகு) அளவிலும் இருக்கிறதா என்று பையின் மேல் பார்த்து வாங்குங்கள். தனி வாளியில் பம்ப் ஓட்டிக் கலக்க வேண்டும், தொட்டிக்குள் நேராகக் கொட்டக்கூடாது. வாங்கிய பையைக் காற்றுப் புகாத டப்பாவில் மாற்றிவையுங்கள், ஈரம் பட்டால் கல்லாக இறுகிவிடும்.

உப்பளவை ரிஃப்ராக்டோமீட்டர் கொண்டு பாருங்கள். ஆனால் அதை நம்புவதற்கு முன் 35 அளவுள்ள சரிபார்ப்புத் திரவம் ஒரு சின்னப் புட்டி வாங்கிச் சரிசெய்துகொள்ளுங்கள். நான் வெறும் நல்ல தண்ணீரில் பூஜ்ஜியம் வைத்துவிட்டுத் திருப்தியாக இருந்தேன். ஆறு வாரம் 35 என்று காட்டிக்கொண்டிருந்த தண்ணீரின் உண்மையான அளவு 31. முதல் பவளம் ஏன் விரியவே இல்லை என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

கேள்வி: பாக்டீரியா திரவம் ஒரு பாட்டில் ஊற்றினால் மறுநாளே மீன் விடலாம் என்று சொல்லி விற்றார்கள். ஊற்றிவிட்டு இரண்டு கோமாளி மீன்களை விட்டேன். ஐந்தாம் நாள் ஒன்று செத்துவிட்டது. பணத்தைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறார் கடைக்காரர். நான் என்ன செய்வது?

பதில்: முதலில் உயிரோடு இருக்கும் மீனைக் கவனியுங்கள். இன்றே அம்மோனியா டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி அளந்து பாருங்கள். நிறம் மாறினால், அதே உப்பளவும் வெப்பமும் உள்ள புதுத் தண்ணீரால் தொட்டி நீரில் பாதியை மாற்றுங்கள். நாளையும் அளந்து, தேவைப்பட்டால் மறுபடி மாற்றுங்கள். தீனியை ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறையுங்கள். புதிதாக எதையும் விடாதீர்கள்.

நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். இந்தக் கூட்டம் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருகுவதற்கு வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். கடல்நீரின் காரத்தன்மை அதிகம் என்பதால் நன்னீரைவிட இங்கே அம்மோனியாவின் நஞ்சும் கடுமை. பாட்டில் பாக்டீரியா பொய் இல்லை, சில நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் அது உயிருள்ள சரக்கு. காலாவதியாகியிருந்தாலும், வெயிலில் கிடந்த பெட்டியில் வந்திருந்தாலும் வெறும் தண்ணீருக்குச் சமம். ஊற்றியபின் வேலை செய்கிறதா என்று அளந்து பார்த்துத்தான் மீன் விட வேண்டும். மீன் இல்லாத தொட்டியில் 2 பி.பி.எம். அளவுக்கு அம்மோனியா சேர்த்து, 24 மணி நேரத்தில் அதுவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியத்துக்கு வந்தால் தயார்.

இனி உங்கள் பணம். மீனுக்காக வாதாடினால் தோற்பீர்கள். உயிருள்ள ஒன்று வீட்டுக்குப் போனபின் எதனால் செத்தது என்று நிரூபிப்பது கடினம், கடைக்காரரும் உங்கள் தண்ணீரைத்தான் கைகாட்டுவார். உங்கள் வாதம் பாட்டிலின் மேல் இருக்கட்டும். ‘மறுநாளே விடலாம்’ என்பது அந்தப் பொருளைப் பற்றிச் சொல்லப்பட்ட உறுதி. பாட்டிலிலோ விளம்பரத்திலோ அது அச்சாகியிருந்தால் படம் எடுங்கள். காலாவதித் தேதி, பில், இன்று பார்த்த அம்மோனியா அளவின் படம் எல்லாவற்றையும் சேர்த்து, தயாரிப்பாளருக்கும் கடைக்கும் எழுத்தில் அனுப்புங்கள். வாயால் சொன்னது மட்டும்தான் என்றால் பலம் குறைவு, ஆனாலும் எழுதுங்கள்.

அடுத்த முறை மீன் வாங்குமுன் உத்தரவாதம் உண்டா, எத்தனை நாள், என்ன சான்று வேண்டும் என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பார்சலில் வரவழைத்தால் பையைப் பிரிக்கும் முன்பே படம் எடுத்துவிடுங்கள். உயிரோடு வந்துசேரும் உத்தரவாதம் தருபவர்கள் பொதுவாகப் பிரிக்காத பையின் படத்தைத்தான் கேட்பார்கள், அதுவும் சில மணி நேரத்துக்குள்.

கேள்வி: ஆரஞ்சு மீனும் நீல மீனும் ஒன்றாக வேண்டும் என்று என் மகள் கேட்கிறாள். 100 லிட்டரில் வைக்க முடியுமா?

பதில்: ஆரஞ்சு சரி, நீலம் முடியாது. கோமாளி மீன்களில் ஒசெல்லாரிஸ் வகை எட்டு சென்டிமீட்டர் அளவோடு நின்றுவிடும், தொட்டியிலேயே பிறந்த குஞ்சுகளும் எளிதாகக் கிடைக்கும். கேட்டு, தொட்டியில் பிறந்ததையே வாங்குங்கள். இரண்டு குஞ்சுகளை விட்டால் பெரியது பெண்ணாக மாறும். எல்லாமே ஆணாகப் பிறந்து, கூட்டத்தில் ஆதிக்கம் செலுத்துவது பெண்ணாகும் இனம் அது. மகளுக்குச் சொல்லுங்கள், அவள் நாள் தவறாமல் பார்ப்பாள்.

நீல டாங் மீனைக் கட்டைவிரல் அளவில் விற்பார்கள். வளர்ந்தால் 30 சென்டிமீட்டர், நாள் முழுவதும் நீந்திக்கொண்டே இருக்கும். 100 லிட்டரில் அதைப் பார்த்துக்கொண்டிருக்க உங்களுக்கே மனம் வராது. கோமாளி மீனுக்குத் துணையாகக் கடல் சாமந்தியும் (அனிமோன்) தள்ளிவிடப் பார்ப்பார்கள். மீனுக்கு அது கட்டாயமில்லை, சாமந்திக்கோ பல மாதம் பக்குவப்பட்ட தண்ணீர் கட்டாயம். வெள்ளை வெளேரென்று இருக்கும் சாமந்தியை அரிய வகை என்பார்கள். பெரும்பாலும் அது நுண்பாசி இழந்து பட்டினி கிடக்கும் உயிர். பளீர் மஞ்சள், ஊதா என்றால் சாயம் ஏற்றியதாகவும் இருக்கலாம்.

மீனைத் தேர்ந்தெடுக்கும்போது கடைக்காரரைத் தீனி போடச் சொல்லுங்கள். உங்கள் கண்முன்னே தின்னாத மீனை வாங்காதீர்கள். கடலில் பிடிக்கும் மீன்களை சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கும் வழக்கம் 1960களில் பிலிப்பைன்ஸில் தொடங்கியது. அப்படிப் பிடிபட்டது கடையில் பளபளவென்று இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து சில வாரத்தில் செத்துப்போகலாம்.

கேள்வி: புரோட்டீன் ஸ்கிம்மர் அவசியமா?

பதில்: காற்றுக் குமிழால் நுரை எழுப்பித் தண்ணீரிலிருந்து கழிவைப் பிரிக்கும் கருவி அது. மீன் இரண்டு மூன்றுதான், வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றுவீர்கள் என்றால் அவசியமில்லை. ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் 1960களின் தொடக்கத்திலேயே பாக்டீரியாவும் சிற்றுயிர்களும் குடியிருக்கும் கடற்பாறையும் காற்றுக் குமிழும் வைத்துப் பவளம் வளர்த்துக் காட்டினார். அந்தப் பணத்தில் கூடுதலாக நல்ல கல் வாங்குங்கள்.

கேள்வி: தொட்டி இரண்டு மாதமாக நிலையாக இருக்கிறது. முதல் பவளம் எது வாங்கலாம்?

பதில்: காளான் பவளம் அல்லது கிரீன் ஸ்டார் பாலிப். ஸ்டார் பாலிப் வேகமாகப் படரும் என்பதால் மற்றக் கற்களைத் தொடாத தனிக் கல்லில் வையுங்கள். வளர்ந்த பவளத்திலிருந்து வெட்டி எடுத்த ‘ஃபிராக்’ துண்டுகளையே கேளுங்கள். கல் போன்ற எலும்புக்கூடு உள்ள கல் பவளங்கள் எல்லாமே, அரிய உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. வேறு நாட்டிலிருந்து வந்தது என்றால் அனுமதிச் சான்று இருக்க வேண்டும், உள்நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையின் நீல விளக்கில் எல்லாப் பவளமும் ஜொலிக்கும். வெள்ளை விளக்கைப் போடச் சொல்லிப் பாருங்கள். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, பழுப்பு நிறத்தில் குட்டிச் சாமந்தி மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் வாங்காதீர்கள். அது ஐப்டேசியா, ஒன்று வந்தால் நூறாகும்.

ஸோவாந்தஸ் வகையும் புதியவர்களுக்கு ஏற்றது என்று சொல்லி விற்பார்கள். வளர்ப்பது சுலபம்தான், ஆனால் அந்தக் குடும்பத்தில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கையுறையும் கண் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் வெட்டவோ தேய்க்கவோ கூடாது. அவை ஒட்டியிருக்கும் கல்லைக் கொதிக்க வைக்கவே கூடாது, ஆவியைச் சுவாசித்துக் குடும்பமே மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் உண்டு. கடைக்காரர் இதைத் தாமாகச் சொல்லாவிட்டால் மற்ற விஷயங்களிலும் அவர் சொல்வதை ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள்.

கேள்வி: ஊர் மாறிப் போகிற ஒருவர் தம் தொட்டியை மீன், கல் எல்லாவற்றோடும் பாதி விலைக்குத் தருகிறார். எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எடுத்துக்கொள்ளலாம், ஒரு கேள்விக்கு நேரான பதில் கிடைத்தால்: இந்தத் தொட்டியில் எப்போதாவது செம்பு மருந்து ஊற்றினீர்களா? மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் சிலர் தொட்டியிலேயே அதை ஊற்றிவிடுவார்கள். சுண்ணாம்புக் கல்லும் மணலும் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிறகு இறாலோ பவளமோ வைப்பது அபாயம். ஆம் என்றாலோ, பதிலில் தயக்கம் தெரிந்தாலோ கல்லையும் மணலையும் வாங்காதீர்கள்.

கல்லை ஈரம் காயாமல் கடல்நீரிலேயே மூழ்கவைத்துக் கொண்டுவாருங்கள். காய்ந்தால் அதில் உள்ள உயிர்கள் செத்து, அம்மோனியா கதை முதலிலிருந்து தொடங்கும். பழைய மணலைத் தவிர்த்துவிடுங்கள், கிளறினால் அடியில் தேங்கிய அழுக்கெல்லாம் மேலே வரும். காலித் தொட்டியில் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் கசிவு பாருங்கள். நீங்கள் வைத்துக்கொள்ள முடியாத மீன் இருந்தால் ஏதாவது கடையில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், கடலில் மட்டும் விடாதீர்கள். இந்தோ-பசிபிக் கடலின் சிங்க மீன் 1985இல் ஃபுளோரிடாக் கரையில் தென்பட்டது. தொட்டிகளிலிருந்து போனதாகவே கருதப்படுகிறது, இன்று கரீபியன் முழுவதும் பரவி அங்குள்ள குட்டி மீன்களைத் தின்றுகொண்டிருக்கிறது.

பம்பையும் விளக்கையும் ஓடவிட்டுப் பார்த்து வாங்கலாம். ஹீட்டர் மட்டும் புதிதாக வாங்குங்கள்.