ஜூலை வெயிலில் கிராப்பி: ஜிக்கை மேலே தூக்குங்கள்

அமெரிக்காவின் ஓசார்க்ஸ் ஏரியில் காலை எட்டு மணிக்கு மேல் ஒரு கிராப்பி மீன்கூடக் கடிக்கவில்லை, ஜிக்கை (தலையில் எடை வைத்த போலி இரைக் கொக்கியை) 30 அடித் தரைவரை இறக்கிப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆழம்தான் பிழை. கோடையில் அடிநீரில் பிராணவாயு மிகக் குறைவு. மீன் அதற்கு மேலேதான் நிற்கும். அதன் பார்வையும் மேல்நோக்கியே. இரையைத் தேடிக் கீழே இறங்குவது அபூர்வம். சோனாரில் (ஒலியால் மீனைக் காட்டும் கருவியில்) மூழ்கிய கிளைக்குவியல்மேல் மீன் 15 அடியில் தெரிந்தால் ஜிக்கை 14 அடியில் நிறுத்துங்கள். 1/16 அவுன்ஸ் ஜிக், 4 பவுண்டு தாங்கும் தூண்டில் நரம்பு போதும்.

வெயில் ஏறியதும் படகுத்துறைக்கு அடியில் நிழல் கருத்திருக்கும் மூலைதான் இடம். கொக்கிமுனை விரலில் படாமல் ஜிக்கைப் பிடித்து, ராடை (தூண்டில் கோலை) வில்லாக வளைத்து, தண்ணீரை ஒட்டி உள்ளே பாயும்படி விடுங்கள். இறங்கும்போதே நரம்பு சட்டென்று தொய்ந்தால் அதுதான் கடி. வெடுக்கென்று இழுக்காதீர்கள், வாய்த்தோல் காகிதம் மாதிரி கிழிந்துவிடும்.