ஓய்வுபெற்ற பேராசிரியரைப் பற்றி எழுத: ஹட்டன் தம்பிக்கு

தம்பி, பேராதனையில் வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்ற உங்கள் ஊர்ப் பேராசிரியரைப் பற்றிப் பாடசாலை மலருக்கு எழுதவேண்டும், கையில் பதவிப் பட்டியல் மட்டும்தான் இருக்கிறது என்கிறீர்கள். அதை ஒரே பந்தியில் முடித்துவிடுங்கள். விரிவுரையாளர், துறைத்தலைவர், பீடாதிபதி என்று அடுக்கினால் ஆளும் தெரியாது, ஆய்வும் தெரியாது.

அவருடைய முதல் ஆய்வேட்டையும் கடைசியாக எழுதியதையும் சேர்த்துப் படியுங்கள். எது மாறியிருக்கிறது என்பதுதான் கட்டுரை. வரலாற்றாசிரியர் கா. இந்திரபாலாவைப் பாருங்கள். இலங்கையில் தமிழர் குடியேற்றம் பற்றி 1965இல் லண்டனில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்தவர், பேராதனையிலும் பிறகு யாழ்ப்பாணத்திலும் படிப்பித்தவர். 2005இல் வெளிவந்த நூலில், சிங்களவரும் தமிழரும் பெரும்பாலும் ஒரே ஆதிக்குடிகளின் வழிவந்தவர்கள் என்று எழுதித் தன் பழைய முடிவுகளைத் தானே திருத்தினார். பல்கலைக்கழக வேலையை விட்டு எத்தனையோ காலத்துக்குப் பிறகு! எனக்கு எந்தப் பதவியையும்விட இதுதான் பெரிசு.

அப்புறம், நேரில் போய் "உங்கள் சாதனை என்ன சேர்?" என்று கேட்காதீர்கள். சிரித்துவிட்டுத் தேத்தண்ணி தருவார், அவ்வளவுதான். குறிப்பு அட்டைகளோ கல்வெட்டு மைப்படிகளோ (கல்லில் தாளை ஒற்றி மையால் எடுத்த எழுத்துப் படிகள்) இருந்தால் காட்டச் சொல்லுங்கள். அட்டை ஓரத்தில் பென்சிலால் போட்ட ஒரு கேள்விக்குறியைக் காட்டிக் கேட்டால் அரை மணி நேரம் பேசுவார். மலைநாட்டு ஈரத்தில் தாள் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். கேட்டுக்கொண்டு போனில் படம் எடுத்து வையுங்கள்.

கட்டுரைகள் கிடைக்காவிட்டால் 'நூலகம்' (noolaham.org) என்ற தமிழ் மின்னூலக இணையத்தளத்தில் அவர் பெயரைத் தேடுங்கள். பழைய சஞ்சிகைகள் அங்கே நிறைய உண்டு.