பாக்கெட் மணி: சும்மா கொடுப்பதா, வேலைக்குக் கூலியா?

கேள்வி: மகனுக்கு 9 வயது, மகளுக்கு 13. இருவருக்கும் பாக்கெட் மணி கொடுக்கலாம் என்று நான் சொன்னால், "சும்மா கொடுத்தால் பணத்தின் அருமை தெரியாது, வீட்டு வேலை செய்தால் கொடு, நல்ல மார்க் எடுத்தால் கொடு" என்கிறார் என் கணவர். போன மாதம் கொடுத்துப் பார்த்தேன். பையன் இரண்டே நாளில் காலி செய்துவிட்டு மறுபடி வந்து கை நீட்டுகிறான். மகளோ சேர்த்து வைத்து, எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத எதையோ வாங்கப் போகிறாளாம். தடுக்கலாமா?

பதில்: இரண்டு நாளில் காலி செய்ததில் தப்பே இல்லை, அந்த வயதில் அப்படித்தான் நடக்கும். மறுபடி கேட்டபோது கொடுத்தீர்களா, அதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே! கொடுத்திருந்தால், தீர்ந்தால் அம்மாவிடம் இன்னும் வரும் என்பதை மட்டும்தான் அவன் கற்றிருப்பான். 9 வயதுக்கு ஒரு மாதம் என்பது முடிவே இல்லாத காலம், அதனால் அவனுக்கு வாரக் கணக்கில் கொடுங்கள், அதே கிழமையில், அதே தொகையை, அவன் கேட்கும் முன்பே. நோட்டாகவும் சில்லறையாகவும் கையில் கொடுங்கள். போனைத் தட்டினால் பொருள் வருவதைப் பார்த்தே வளரும் பிள்ளைக்குப் பணம் குறைவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். மகளுக்கு மாதக் கணக்கு சரி, ஆனால் தோழிகளின் பிறந்தநாள் பரிசு போல எந்தெந்தச் செலவு இனி அவள் பொறுப்பு என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

கணவர் சொல்வதில் பாதியைத்தான் நான் ஏற்பேன். தன் தட்டைக் கழுவக் கூலி கொடுத்துப் பழக்கினால், ஒருநாள் "எனக்குப் பணமும் வேண்டாம், வேலையும் வேண்டாம்" என்பான், உங்களிடம் பதில் இருக்காது. 1973-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், ஆசையாகப் படம் வரைந்துகொண்டிருந்த 3 முதல் 5 வயதுக் குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லி, வரைந்ததும் பரிசைக் கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால் அந்தக் குழந்தைகளுக்குத்தான் வரைவதில் ஆர்வம் குறைந்திருந்தது. மார்க்குக்குக் காசு கொடுப்பதிலும் எனக்கு இந்தப் பயம்தான். பரணை ஒழிப்பது, காரைக் கழுவுவது போன்ற கூடுதல் வேலைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

சேமிப்புக்கு ஒரு வழி: மாதக் கடைசியில் உண்டியலில் இருப்பதற்குப் பத்து சதவீதம் வட்டியை நீங்களே போடுங்கள். எந்த வங்கியும் தராத வட்டிதான், ஆனால் நிஜ வட்டி விகிதத்தில் காட்டினால் பார்ப்பதற்குள் பையனுக்கு மீசை முளைத்துவிடும். எடுக்காமல் வைத்தால் போட்ட பணம் எட்டாவது மாதக் கடைசியில் இரண்டு மடங்கைத் தாண்டும், அதை அவனையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் மகள் விஷயம். ஆபத்தான பொருள் என்றால் தடுங்கள். வெறுமனே உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் வாங்கட்டும், ஒரே வாரத்தில் அது மூலையில் கிடந்தாலும் "அப்பவே சொன்னேன்ல" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.