இரண்டு அண்டர்டேக்கர் மோதியது நிஜமா?

மல்யுத்த வீரர் அண்டர்டேக்கர் தன்னைப் போலவே இருந்த இன்னொருவருடன் மோதியதைப் பார்த்த நினைவு இருக்கிறது, நண்பர்களோ கனவு என்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் பார்த்தது நிஜம்தான், கனவில்லை. 1994 ஆகஸ்ட் 29, சிகாகோ, சம்மர்ஸ்லாம் என்ற WWF மல்யுத்த நிகழ்ச்சி. போலியாக வந்தவர் பிரையன் லீ. கூட்டி வந்தவர் மல்யுத்த மேலாளர் டெட் டிபியாசி.

அந்த ஜனவரியில் யோகோசுனா என்ற வீரரிடம் சவப்பெட்டிப் போட்டியில் (எதிராளியைப் பெட்டிக்குள் அடைத்தால் வெற்றி) தோற்று நிஜ ஆள் காணாமல் போயிருந்தார். ‘செத்துட்டார், இவர் தம்பி’ என்ற பள்ளிக்கூடத்துக் கதை அதில் கிளம்பியிருக்கலாம். (நானும் பரப்பியிருக்கிறேன்.)

வீடியோ கிடைத்தால் கையுறையைப் பாருங்கள். ஊதா போட்டவர் நிஜம், சாம்பல் போலி. மூன்று டூம்ஸ்டோன் (தலைகீழாகத் தூக்கித் தரையில் இறக்கும் அடி) வாங்கிச் சாய்வதும் சாம்பல்தான். ஆட்டம் படுமந்தம், வேகமாக ஓட்டிப் பாருங்கள்.

ஆனால் உங்கள் நினைவில் ஒருவர் முகமூடி போட்டிருந்தால் அது வேறு: 2006இல் கேன் என்ற இன்னொரு வீரரும் போலி கேனும் மோதியது.