'பறவைகள் சிலம்பின' என்று எழுதினால் தவறா? சிலம்புதல் என்றால் என்ன?

தவறே இல்லை. யாரோ உங்கள் வரியை அடித்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் 'தவறா' என்று கேட்டிருக்க மாட்டீர்கள்.

ஒன்பதாம் வகுப்பில் விடியற்காலை பற்றிய கட்டுரையில் "வேப்பமரத்தில் பறவைகள் சிலம்பின" என்று எழுதினேன். தமிழாசிரியர் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, மேலே 'கத்தின' என்று திருத்தினார். "சிலம்பு காலில் போடுவது. பறவை எப்படிச் சிலம்பும்?" என்று வகுப்பே கேட்கக் கேட்டார். அந்தச் சொல்லை எனக்குத் தந்தவர் என் ஆச்சி. மார்கழியில் கோலமாவுக் கிண்ணத்தோடு குனிந்தபடி 'புள்ளும் சிலம்பின காண்' என்று முணுமுணுப்பார்; இழையைப் பாதியில் நிறுத்தி, மாவு ஒட்டிய விரலால் மரத்தைக் காட்டுவார். அதைச் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. முப்பது ஆண்டுகளாகியும் ஆறவில்லை.

சிலம்புதல் என்றால் ஒலித்தல். ஒலிப்பதால்தான் காலில் அணிவதற்கும் அந்தப் பெயர். ஆச்சி முணுமுணுத்த வரி திருப்பாவையின் 6, 13ஆம் பாசுரங்களில் வருகிறது; புள் என்றால் பறவை. திருவெம்பாவையில் 'கோழி சிலம்பச் சிலம்பும் குருகெங்கும்' என்கிறார் மாணிக்கவாசகர்: கோழி தொடங்க, எங்கும் மற்றவை பிடித்துக்கொள்கின்றன. குயில் கூவும், காகம் கரையும், மயில் அகவும், ஆந்தை அலறும் என்ற மரபை நான் மறுக்கவில்லை. யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எது எதன் குரல் என்று பிரிக்க முடியாமல் மரமே ஒலிக்கும்போது இவற்றில் எதை எழுதுவது? கூட்டமாகத் திரிந்து ஓயாமல் இரையும் தவிட்டுக்குருவிக்குச் சிலம்பன் என்றே ஒரு பெயர் உண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் மார்கழி முழுக்க நாலரை மணிக்கே ஒலிபெருக்கி அலறுகிறது. இருட்டிலேயே முதலில் குரல் கொடுக்கும் கரிச்சானைக் கேட்டு வருடங்களாகின்றன. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. ஆறு மணிக்குப் போடுங்கள் என்று கேட்டதற்கு, "உங்களுக்குச் சாமி நம்பிக்கை இல்லையா?" என்றார்கள். அந்தப் பாசுரங்களை மனப்பாடமாகச் சொல்பவன் நான்.

உங்கள் வரியை அப்படியே விடுங்கள். ஒற்றைக் குயிலைப் பற்றி எழுதியிருந்தால் மட்டும் 'கூவியது' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.