ஆம்பூர் முதல் ராணிப்பேட்டை வரை: இன்ஜினியரிங் மாணவர்களின் மேலாண்மைக் கேள்விகளுக்குப் பதில்

வேலூர் வட்டார மாணவர்கள் கேட்டவை இவை. எண்கள் கணக்கு புரிவதற்காக வைத்தவை, சந்தை ரேட் அல்ல.

ஆம்பூர், மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு: ஷூ அப்பர் (மேல்பகுதி) தைக்கிற ஜாப் ஒர்க் யூனிட், அதாவது பார்ட்டி தரும் தோலைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற யூனிட், போடலாம் என்கிறார் மாமா. பிரேக் ஈவன் (லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் நிற்கிற அளவு) கணக்கை நிஜத்தில் எப்படிப் போடுவது சார்?

ஒரு ஜோடிகூடத் தைக்காத மாதத்திலும் கையை விட்டுப் போகிற காசுதான் நிலைச்செலவு: ஷெட் வாடகை, சூப்பர்வைசர் சம்பளம், மெஷின் கடன் வட்டி. மாதம் 1,80,000 என்று வையுங்கள். நூல், பசை, பீஸ் ரேட் கூலி எல்லாம் ஜோடிக்கு ஜோடி ஏறும். அது 65 ரூபாய். ஜாப் ஒர்க் ரேட் 95 என்றால் ஜோடிக்கு நிற்பது 30. 1,80,000-ஐ 30-ஆல் வகுத்தால் 6,000 ஜோடி. மாதம் 25 நாள் ஓடினால் நாளுக்கு 240. புத்தகம் இங்கே முடித்துக்கொள்ளும்.

யூனிட் மாட்டிக்கொள்வது இரண்டு இடத்தில். முதலாவது கழிவு. நூற்றுக்கு நாலு ஜோடிக்குக் காசு கிடைக்கவில்லை என்றால், தைக்கிற ஜோடிக்கு வரவு சராசரியாக 91.20 ஆகிவிடும். நிற்பது 26.20 தான். பிரேக் ஈவன் 6,870-க்கு ஏறிவிடும். கெட்டுப்போன தோலுக்குப் பார்ட்டி பிடித்தம் செய்தால் அது தனி.

இரண்டாவது கூலி. அந்த 65-இல் 40 ரூபாய் டெய்லர் கூலி என்போம். டெய்லர்களை மொத்தம் 2,40,000 மாதச் சம்பளத்துக்கு மாற்றினால் நிலைச்செலவு 4,20,000, ஜோடிக்கு நிற்பது 70. வகுத்துப் பாருங்கள், அதே 6,000 தான் வரும். ஆனால் ஆர்டர் 5,000-க்கு இறங்கினால் பீஸ் ரேட்டில் நஷ்டம் 30,000, சம்பளத்தில் 70,000. 7,000-க்கு ஏறினால் லாபமும் அப்படியே, 30,000-க்கு 70,000. மாமாவிடம் பிரேக் ஈவன் எவ்வளவு என்று கேட்பதைவிட, ஆர்டர் எவ்வளவு ஏறி இறங்கும் என்று கேளுங்கள்.

வாணியம்பாடி: கட்டிங் மணிக்கு 60 ஜோடி, ஸ்கைவிங் (தோல் ஓரத்தைச் சீவி மெல்லிதாக்குவது) 55, தையல் 38, ஃபினிஷிங் 50. புது கட்டிங் மெஷின் வாங்கலாமா?

வேண்டாம். லைனில் மணிக்கு 38 தான் வெளியே வரும். கட்டிங்கை 80 ஆக்கினால் தையலுக்கு முன்னால் கூடைகள்தான் குவியும். தோலில் போட்ட காசு அங்கே தூங்கும். தையலில் ஒரு மணி நேரம் நின்றால் லைனுக்கே 38 ஜோடி போச்சு. அதனால் சாப்பாட்டு இடைவேளையில் ஆள் மாற்றித் தையலை மட்டும் ஓட்டுங்கள். வெட்டில் பழுதான பீஸைத் தையலுக்கு முன்பே பிரித்தெடுங்கள். தையல் 50-ஐத் தாண்டினால் அடுத்த முட்டுக்கட்டை ஃபினிஷிங்.

ராணிப்பேட்டை, புரொடக்‌ஷன்: சிப்காட்டில் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட். கணக்கில் லாபம், சம்பளம் போடக் காசில்லை. எப்படி?

நாளை எண்ணுங்கள். தகடு ஸ்டாக்கில் 20 நாள், ஷாப்பில் 15, பில் போட்டபின் காசு வர 60. மொத்தம் 95. தகடு கொடுத்தவர் 30 நாள் கடன் தந்தால் மீதி 65 நாள் உங்கள் காசு. நாளுக்கு 40,000 செலவென்றால் 26 லட்சம் முடங்கும். ஆர்டர் இரட்டித்தால் 52 லட்சம். நல்ல ஆர்டர் வந்த பிறகு மூடின யூனிட்டுகளின் கதை பெரும்பாலும் இதுதான்.

அந்த 60 நாளே சட்டப்படி தப்பு. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு யூனிட்டிடம் சரக்கு வாங்கினவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டுவட்டியாக. உத்யம் பதிவை (இந்த யூனிட்டுகளுக்கான அரசுப் பதிவு) ஆர்டர் எடுக்கும் முன்பே செய்துவிடுங்கள். பார்ட்டி மேல் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயமும் பொய்யில்லை. அதனால் தகட்டு விலையையாவது முன்பணமாகக் கேட்டு வாங்குவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

காட்பாடி, முதலாம் ஆண்டு: ஃபயோலின் 14 மேலாண்மைக் கொள்கைகளில் ஷாப்பில் பயன்படுவது எது?

ஒற்றைக் கட்டளை: ஒரு ஆளுக்கு உத்தரவு ஒரே மேலாளரிடமிருந்துதான் வர வேண்டும். ஃபயோல் சுரங்க இன்ஜினியர். 1916-இல் எழுதியது இன்றும் ஓடுகிறது. புரொடக்‌ஷன் ஆள் "ஓட்டு" என்கிறார், குவாலிட்டி ஆள் "நிறுத்து" என்கிறார், ஆபரேட்டர் யார் பேச்சைக் கேட்பார்? நிறுத்தும் அதிகாரம் குவாலிட்டிக்கு, மறுபடி ஓட்டச் சொல்வது ஷிஃப்ட் சூப்பர்வைசர் மட்டும் என்று எழுதி மெஷினில் ஒட்டுங்கள்.

குடியாத்தம்: ஈஓக்யூ (EOQ, ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்கினால் மொத்தச் செலவு குறையும் என்று சொல்வது) ஃபார்முலா உண்மையில் உதவுமா?

உதவும், ஆனால் அரை கிலோ வரை பார்க்க வேண்டியதில்லை. பசை வருடத்துக்கு 7,200 கிலோ, ஒரு ஆர்டருக்குச் செலவு 400, கிலோவை ஒரு வருடம் வைத்திருக்க 16 ரூபாய். ஃபார்முலா தருவது 600 கிலோ. வருடச் செலவு 9,600. 750 கிலோவாக வாங்கினால் 9,840. வித்தியாசம் வெறும் 240 ரூபாய், லாரி முழு லோடுக்கு அது வசதியென்றால் தாராளமாக வாங்கலாம்.

கவனம் வேண்டியது எப்போது ஆர்டர் போடுவது என்பதில். நாளுக்கு 24 கிலோ செலவு, சரக்கு வர 7 நாள், பாதுகாப்புக்குக் கூடுதலாக 3 நாள்: 240 கிலோ இருக்கும்போதே போன் போட வேண்டும். பசைக்குக் காலாவதி உண்டு, ஃபார்முலாவுக்கு அது தெரியாது. புது டப்பாவைப் பின்னால் அடுக்கி, பழையதை முன்னால் இழுத்து வையுங்கள்.